தண்ணீர் போகிற வழியிலேயே கடலுக்கு

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொந்தக் கார் இருக்கிறது. அவர், வீட்டுக்காரம்மா, 12 வயதுப் பையன், 7 வயதுப் பெண், முழங்கால் வலியுள்ள அம்மா, ஆக ஐந்து பேர். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் நான்கு நாள் கிடைக்கும். பெண்ணுக்குக் கடல் வேண்டும், பையனுக்குக் காட்டு விலங்கும் கொஞ்சம் சாகசமும் வேண்டும், அம்மாவுக்கு ஒரு கோயிலாவது வேண்டும். நண்பர்களில் ஒருவர் கோவா என்கிறார், ஒருவர் அந்தமான் என்கிறார், மச்சான் பாலி என்கிறாராம். "எதுங்கண்ணா சரி?" என்பது கேள்வி.

மூன்றும் வேண்டாம், தம்பி. நான்கு நாளில் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று கழித்துவிட்டால் கோவாவில் கிடைக்கப்போவது இரண்டு நாள். அதுவும் கிறிஸ்துமஸ் கூட்டத்தில். நீங்கள் கேட்கிற மூன்றும், அம்மாவின் கோயிலும் சேர்த்து நான்கும், நம் வீட்டு மேற்குச் சுவரை ஒட்டியே இருக்கின்றன.

கொங்கில் பிறந்தவர்களுக்குக் கடல் என்றாலே கிழக்குதான் நினைவுக்கு வரும். வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று கோயிலோடு சேர்ந்த கடல். மற்றபடி நம் ஊரில் 'கடலை' என்றால் அது நிலக்கடலைதான். ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கோவையிலிருந்து சாவக்காட்டுக் கடற்கரைக்கு மூன்றரை மணி நேர ஓட்டம். காரணம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து குமரி வரை சுவராக நிற்கிறது. அதில் பெரிய வாசல் இது ஒன்றுதான், ஏறக்குறைய 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆனி ஆடியில் பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலை இறக்கைகள் நிற்காமல் சுற்றுவதும் இந்த வாசல் வழியாக வரும் காற்றால்தான். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கிறதே கொடுமணல், அங்கே பட்டை தீட்டிய மணிகளும் இந்தக் கணவாய் வழியாகத்தான் மேற்குக் கடற்கரைக்குப் போயின, ரோமானியக் காசுகளும் இதே வழியில் உள்ளே வந்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் நம் ஆட்களுக்குத் தெரிந்திருந்த வழி நமக்கு மறந்துபோயிற்று, அவ்வளவுதான்.

ஆனால் போகும்போது கணவாய் வழியாகப் போகாதீர்கள், திரும்பும்போது அதை வைத்துக்கொள்ளலாம். போகும்போது மலை ஏறி இறங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன். உங்கள் தோட்டத்துக்கு வரும் பிஏபி, அதாவது பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்தின் வாய்க்கால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? திருமூர்த்தி அணையிலிருந்து என்பீர்கள். திருமூர்த்திக்கு? சர்க்கார்பதியிலிருந்து காண்டூர் கால்வாய் வழியாக. அதற்கும் மேலே தூணக்கடவு, பரம்பிக்குளம், இன்னும் மேலே போனால் வால்பாறைப் பக்கத்துச் சோலையாறு. இதெல்லாம் இயற்கையில் மேற்கே ஓடிச் சாலக்குடி ஆறாகி அரபிக்கடலில் விழவேண்டிய தண்ணீர். அணை கட்டி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி நம் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். திருப்பாமல் விட்ட மிச்சத் தண்ணீர் இன்னமும் அதன் பழைய வழியிலேயே போகிறது. அந்தத் தண்ணீரோடு கூடவே நீங்களும் இறங்குங்கள். பொள்ளாச்சி, வால்பாறை, மலக்கப்பாறை, அதிரப்பள்ளி, சாலக்குடி, கொடுங்கல்லூர், அப்புறம் கடல். காடும் அருவியும் கடலும் ஒரே கோட்டில் வரும். பையனுக்கும் நம் வாய்க்கால் எங்கே பிறக்கிறது என்று தெரியும்.

முதல் நாள் வால்பாறை. இப்போது இ-பாஸ் இல்லாமல் மேலே விடுவதில்லை, வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். ஆழியாறு அணையைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம், மொத்தம் 40. அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள், கையில் ஓர் எலுமிச்சம்பழம் கொடுங்கள். ஒன்பதாவது வளைவில் காட்சிமுனை இருக்கிறது. எல்லாரும் கீழே ஆழியாறு அணையைப் பார்த்துப் படம் எடுப்பார்கள். நீங்கள் முதுகைத் திருப்பி மேலே பாறையைப் பாருங்கள். வரையாடு நிற்கும். சில நாள் சாலை ஓரத்துக்கே வந்து, ஏதோ ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல் அலட்டிக்கொள்ளாமல் மேயும். நம் மாநில விலங்கு. காசு கட்டிச் சவாரி போனாலும் பார்க்கக் கிடைக்காத ஒன்று, இங்கே சாலையிலிருந்தே கிடைக்கிறது. வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள். மழைக்காட்டின் உச்சி மரங்களில் வாழவேண்டிய பிராணி, காடு துண்டாகிப்போனதால் சாலையைக் கடக்கிறது. அதற்கு முறுக்கும் பிஸ்கட்டும் போடாதீர்கள். குழந்தைகள் கேட்பார்கள், அப்போதும் வேண்டாம். தின்பண்டத்துக்காக ரோட்டுக்கு வந்து பழகிய குரங்கு, வண்டிச் சக்கரத்தில்தான் முடியும்.

வால்பாறையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தேயிலைக்குள் நடக்கப் போகாதீர்கள். சிறுத்தை இருக்கிறது, குழந்தைகளைத் தாக்கியும் இருக்கிறது. சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்திருப்பார்கள். அது எரிந்தால் சுமார் ஒரு கி.மீ. சுற்றளவில் யானை நிற்கிறது என்று அர்த்தம். வேலை முடிந்து வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளிகளுக்காக ஆராய்ச்சியாளர்களும் வனத்துறையும் சேர்ந்து செய்த ஏற்பாடு. ஒரு சின்ன விளக்கு, ஒரு குறுஞ்செய்தி, அதில் எத்தனையோ உயிர் தப்பியிருக்கிறது. பையனிடம் இதைக் காட்டிச் சொல்லுங்கள், புலி பார்த்த கதையைவிட இது பெரிய கதை.

பரம்பிக்குளம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அருமையான காடு. விலங்கு பார்ப்பதற்கு மட்டும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். கேரளத்துக் காடாக இருந்தாலும் வண்டிப்பாதை நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாக மட்டும்தான். காட்டுமாடு, புள்ளிமான், கடமான், அணைத் தண்ணீரில் முதலை, அப்புறம் ஐந்தாறு பேர் கை கோத்தால்தான் சுற்றிவர முடிகிற கன்னிமரா தேக்கு, எல்லாம் உண்டு. ஆனால் உள்ளே தங்க இடம் முன்கூட்டியே எடுக்கவேண்டும், விடுமுறை நாளில் கிடைப்பது கஷ்டம். முக்கியமாக, அங்கிருந்து கேரளச் சமவெளிக்கு இறங்க வழி கிடையாது, வந்த வழியே சேத்துமடைக்குத்தான் திரும்பவேண்டும். கடலுக்குப் போகிற பயணத்தில் அதைச் சேர்த்தால் ஒரு நாள் போய்விடும். அதைத் தனியாக ஒரு சனி ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். வால்பாறையில் டேங்கை நிரப்பிக்கொண்டு காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். சோலையாறு அணை வரும். நின்று பாருங்கள், உங்கள் வாய்க்கால் தண்ணீர் அங்கே படுத்திருக்கிறது. அப்புறம் மலக்கப்பாறைச் சோதனைச் சாவடி. வண்டி எண், ஆள் எண்ணிக்கை, எத்தனை பிளாஸ்டிக் புட்டி என்று எழுதிக்கொண்டு, நேரம் குறித்துச் சீட்டுத் தருவார்கள். அந்த நேரத்துக்குள் மறுமுனையில் வாழச்சால் சாவடியைத் தாண்டவேண்டும். பொழுது சாய்ந்தால் விடமாட்டார்கள். கனமழைக்குப் பிறகு சாலை அடைத்திருப்பதும் உண்டு, கிளம்பும் முன் வால்பாறையில் பேருந்து ஓட்டுநர் யாரையாவது கேட்டுவிடுங்கள், அவர்களுக்குத் தெரியாததில்லை.

நடுவில் கடையில்லை, பங்க் இல்லை, செல்போன் கோபுரம் இல்லை. இரண்டு பக்கமும் காடு மட்டும். மழை இல்லாத நாளிலும் சாலை நனைந்தே கிடக்கும் இடங்கள் உண்டு. இந்தச் சாலையில் கபாலி என்று ஓட்டுநர்கள் பெயர் வைத்த ஒரு கொம்பன் யானை உண்டு. 2022 நவம்பரில் அது எதிரே வந்து நின்றதும், ஒரு தனியார் பேருந்தின் ஓட்டுநர் வண்டியைத் திருப்ப இடமில்லாமல் 8 கி.மீ. தூரம் பின்னோக்கியே ஓட்டினார். வளைவுச் சாலையில், பயணிகளோடு, 8 கி.மீ.! நாம் பெரியவீட்டுக் கல்யாணத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கவே நாலு பேரைக் கூப்பிடுகிறோம். யானை நின்றால் நீங்கள் செய்யவேண்டியதும் அதுதான். ஹாரன் வேண்டாம், இறங்கவேண்டாம், படம் எடுக்கவேண்டாம். தூரத்திலேயே நிறுத்தி, தேவைப்பட்டால் மெதுவாகப் பின்னால் வாருங்கள். அதற்கு அவசரமில்லை, உங்களுக்கும் அவசரம் இருக்கக்கூடாது.

இந்தக் காட்டில் நீங்கள் காது கொடுத்துக் கேட்கவேண்டியது இருவாச்சிப் பறவையை. வாழச்சால் காட்டில் நான்கு வகை இருவாச்சிகள் இருக்கின்றன. பெரிய மலை இருவாச்சி தலைக்கு மேல் பறந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரியும். கொல்லன் துருத்தி ஊதுகிற மாதிரி 'உஸ்ஸு உஸ்ஸு' என்று ஒரு சத்தம் வரும், அது சிறகடிக்கும் ஓசை. கண்ணாடியை இறக்கிவிட்டு, வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே பேசாமல் காது கொடுங்கள். தை, மாசி வாக்கில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக மாதக்கணக்கில் ஊட்டும். ஆண் செத்தால் உள்ளே இருக்கும் குடும்பத்தின் கதி என்ன என்று யோசியுங்கள். ஒரு காலத்தில் குஞ்சுக்காகக் கூடு எடுத்த காடர் பழங்குடி மக்களே இப்போது கூட்டுக்குக் கூடு காவல் இருந்து குறிப்பெடுக்கிறார்கள். ஒவ்வொரு மரமும் அவர்களுக்கு மனப்பாடம்.

அதிரப்பள்ளி அருவியைப் பற்றி நான் நிறையச் சொல்லவேண்டியதில்லை, சினிமாவில் எல்லாரும் பார்த்ததுதான். மேலிருந்து பார்த்தால் ஆறு எட்டிக் குதிப்பது தெரியும், கீழே போனால் சாரல் முகத்தில் அடிக்கும். கீழே இறங்கும் பாதை அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது, அவரை மேலேயே நிழலில் உட்கார வையுங்கள். குரங்குகளிடமிருந்து கைப்பையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். குளிக்க ஆசைப்படாதீர்கள். பாறை வழுக்கும், மேலே அணையில் தண்ணீர் திறந்தால் ஆற்றின் மட்டம் சட்டென்று ஏறும். அன்று இரவு சாலக்குடியில் தங்கிவிடலாம்.

மூன்றாம் நாள் கொடுங்கல்லூர் வழியாகக் கடல். கொடுங்கல்லூர் என்றதும் கரூர்க்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் குரலைத் தணித்துக்கொள்ளுங்கள், சேரர் தலைநகர் வஞ்சி எது என்ற வழக்கு இரண்டு ஊருக்கும் இன்னும் தீரவில்லை. பகவதி அம்மன் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப் போங்கள். மதுரையை எரித்த கண்ணகி வந்து அமர்ந்த இடம் என்று நம்பிக்கை. பக்கத்தில் பட்டணம் என்கிற கிராமத்தில் 2007 முதல் தோண்டிப் பார்த்ததில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் மணிகளும் குவியலாகக் கிடைத்தன. முசிறித் துறைமுகம் இதுதான் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கொடுமணலில் கோத்த மணி கப்பலேறிய துறை இந்தப் பக்கம்தான் என்றால், நீங்கள் வந்த வழி புது வழி இல்லை என்று ஆகிறது. சேந்தமங்கலம் அருகில்தான். 2018 வெள்ளத்தில் அங்கே தறிகளெல்லாம் மூழ்கிச் சேறான சேலைகளைக் கிழித்துச் 'சேக்குட்டி' என்று பொம்மை செய்து விற்று நிமிர்ந்த நெசவாளர் ஊர். சென்னிமலைப் பக்கத்து ஆட்கள் நாம், ஒரு துண்டாவது வாங்கிவிட்டு வருவது மரியாதை.

அங்கிருந்து செராய் கடற்கரை கொஞ்ச தூரம். வைப்பின் தீவில் இருக்கிறது. ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் அசையாத காயல் என்கிற உப்பங்கழி, நடுவில் ஒற்றைச் சாலை. பெண் குழந்தை ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்குத் தாவிக்கொண்டே வரும். பையனின் சாகசத்தைக் கடலில் தேடாதீர்கள், காயலில் தேடுங்கள். துடுப்புப் படகு, கயாக் என்பார்கள், உயிர்காப்புச் சட்டை போட்டு ஒரு மணி நேரம் விடியலில் போனால் போதும். அலை கிடையாது, கவிழ்ந்தாலும் கரை பக்கம். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருக்கும், சீன வலை தண்ணீரிலிருந்து எழும்பும். பாராசெயிலிங், ஜெட் ஸ்கீ என்று கரையில் கூப்பிடுவார்கள். பத்து நிமிடத்துக்குக் கேட்கிற காசுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கலாம், என் அபிப்பிராயம் அது.

விவசாயி வீட்டுக்கு இன்னொன்று. இந்தப் பகுதியில் பொக்காளி என்று ஒரு நெல் உண்டு. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற வயலில் விளையும். மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்டதும் விதைத்து, ஐப்பசி வாக்கில் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்புறம் மதகைத் திறந்து கடல் நீரோடு இறால் குஞ்சை உள்ளே விடுவார்கள். அழுகும் தாளே இறாலுக்குத் தீனி. இறால் போட்ட கழிவே அடுத்த நெல்லுக்கு உரம். உரமும் இல்லை, மருந்தும் இல்லை. போர் தண்ணீர் உப்பாகிப்போச்சு என்று தென்னையைப் பார்த்துப் புலம்புகிற நமக்கு, உப்பு வயலில் இரண்டு வெள்ளாமை எடுக்கிற ஆளைப் பார்ப்பது எந்தக் கடற்கரைக்கும் குறைந்த காட்சி இல்லை. டிசம்பரில் நீங்கள் பார்ப்பது இறால் கட்டமாக இருக்கும்.

இப்போது கடலில் இறங்குவது பற்றி. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

அம்மாவைப் பெற்ற என் அமுச்சியை எழுபது வயதில் முதல்முறையாகக் கடல் பார்க்கச் சாவக்காட்டுக்குக் கூட்டிப்போனோம். வாயைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏஞ்சாமி, இத்தனை தண்ணியும் எந்த மதகுல போகுது?" என்று கேட்டது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். வாய்க்கால் பாசனத்திலேயே ஆயுசு போன மனுசி, தண்ணீரைப் பார்த்தால் மதகு கேட்கும். சிரித்துவிட்டு நான் கடலில் இறங்கினேன். எனக்கு நீச்சலில் அப்போது பெரிய கர்வம். சுரைப்புருடை கட்டி ஏழு வயதில் கிணற்றில் பழகியவன், கீழ்பவானி வாய்க்காலில் பாலத்திலிருந்து தலைகீழாகக் குதித்தவன். அலை உடையாத ஓர் இடம் பார்த்து, இதுதான் அமைதி என்று இடுப்பளவில் நின்றேன். காலடி மணல் மெல்ல உருவிக்கொண்டு போனது. அடுத்த நிமிடம் கால் எட்டவில்லை. கரையைப் பார்த்து நீந்தினேன், நீந்தினேன், கரையில் நிற்கும் அமுச்சியின் சேலை நிறம் பெரிதாகவே இல்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் ஓடிவந்து கையைப் பக்கவாட்டில் வீசி வீசிக் கத்தினார். எனக்குப் புரிந்து பக்கவாட்டில் திரும்பி நீந்தியபோது, பத்துப் பதினைந்து வீச்சில் இழுப்பு விட்டது. அப்புறம் அலையே தூக்கிவந்து கரையில் போட்டது. வாயில் உப்பு, மூக்கில் உப்பு. "இது குளமல்ல, கடலாணு" என்றார் அவர். வேறெதுவும் திட்டவில்லை.

வெகுநாள் கழித்துத்தான் அமுச்சி கேட்டது சரியான கேள்வி என்று புரிந்தது. கடலுக்கு மதகு உண்டு. அலை கரைக்கு அள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் திரும்பிப் போயாகவேண்டும் அல்லவா? மணல்திட்டு எங்கே தாழ்ந்திருக்கிறதோ அந்த ஒரு சந்து வழியாக எல்லாம் சேர்ந்து வேகமாக வெளியேறும். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை அடிக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல், கொஞ்சம் கலங்கலாக, சாதுவாகத் தெரியும். அதுதான் மதகு. அலைக்குப் பயப்படுகிற ஆட்கள் அலை இல்லை என்று தேடிப்போய் இறங்குவது சரியாக அங்கேதான். வாய்க்காலில் இழுப்பு வந்தால் எப்படியும் கரையைத்தான் பிடிப்போம், அந்தப் பழக்கமே கடலில் ஆளைக் கொல்லும். இழுப்பை எதிர்த்துக் கரைக்கு நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கத்தில் நகருங்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். அது உங்களை அமிழ்த்தாது, தள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். இறங்கும் முன் அந்த ஊர் மீனவரிடமோ உயிர்காப்பாளரிடமோ "இங்கே இறங்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் கௌரவம் ஒன்றும் குறையாது. பெண் குழந்தைக்குக் கணுக்கால், பையனுக்கு முழங்கால், உங்களுக்கு இடுப்பு. அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, கள்ளக்கடல். பெயரே மலையாள மீனவர் வைத்ததுதான். எங்கோ தெற்கே, பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயலில் கிளம்பும் நீண்ட அலை, சில நாள் கழித்துத் திருடன் மாதிரி நம் கரைக்கு வரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுப்பாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று ஏறும். பெரும்பாலும் கோடையில், சித்திரை வைகாசி வாக்கில் வருகிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை ஒரே நேரத்தில் கொண்டுபோனது. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுகிறது, செய்தியில் அந்தப் பெயர் அடிபட்டால் அன்றைக்குக் கரையிலேயே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடற்கரைக்குக் குளிக்கப் போகவேண்டாம். ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் கேரளத்தில் விசைப்படகுக்கே தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதற்காகத்தான் அந்தத் தடை என்றாலும், அந்த மாதங்களில் கடல் இருக்கும் இருப்பு சுற்றுலாக்காரனுக்கு ஆகாது. கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். அரையாண்டு விடுமுறையில் ஒரே சிக்கல் கூட்டம். சபரிமலை சீசன், கிறிஸ்துமஸ், புத்தாண்டு மூன்றும் ஒன்றாக விழும். கொச்சியில் டிசம்பர் 31 இரவு பப்பாஞ்சி என்ற பெரிய பொம்மையைக் கொளுத்துவார்கள், அன்றைக்கு அந்தப் பக்கம் வண்டியோடு போகாதீர்கள். பொங்கலுக்குப் பிறகு வருகிற ஒரு வாரக் கடைசியில் ஒரு நாள் லீவு சேர்த்துப் போக முடிந்தால் அறை வாடகையும் குறையும், சாலையில் நெரிசலும் குறையும்.

நான்காம் நாள் கடலோரமாகவே வடக்கே வந்து குருவாயூர். நம் பக்கத்து ஆட்கள் குருவாயூருக்கு எத்தனை பேர் போகிறோம்! சோறூட்ட, துலாபாரம் கொடுக்க, கல்யாணம் செய்ய. கோயிலைப் பார்த்து, புன்னத்தூர்க்கோட்டையில் யானைகளைப் பார்த்து, வண்டியைத் திருப்பிவிடுவோம். ஐந்தாறு கி.மீ. தள்ளிச் சாவக்காட்டில் கடல் இருப்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கண்ணனும் ஆயிற்று, உங்களுக்கு மறுபடியும் ஒரு கடலும் ஆயிற்று. இந்தக் கரைக்கு மார்கழி முதல் மாசி, பங்குனி வரை இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். உள்ளூர் ஆட்கள் ராத்திரி கரையில் நடந்து, முட்டைக் குழிகளைக் கண்டுபிடித்து, நாயும் ஆளும் எடுக்காத இடத்தில் வேலி கட்டிப் புதைத்துக் காக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, மணலில் சின்னத் துடுப்பால் கோடு போட்டுக்கொண்டே கடலைப் பார்த்துப் போகும். டிசம்பர் கடைசியில் குஞ்சு விடுவதைப் பார்க்கக் கிடைப்பது அதிர்ஷ்டம், மாசியில் போனால் வாய்ப்பு அதிகம். காவல் இருக்கும் ஆட்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம். கடலின் வெளிச்சத்தை வைத்துத்தான் குஞ்சு திசை பார்க்கிறது, உங்கள் போன் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துத் தார் ரோட்டுக்கு வந்துவிடும்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. ஆழியாறு அணை மீனும் ஜிலேபிக் கெண்டையும் சாப்பிட்டுப் பழகிய நாக்கு என்றால் மத்தி வறுவலில் ஆரம்பியுங்கள், அயிலைக்குப் போங்கள், கடைசியில் கரிமீன். கரிமீன் காயல் மீன், கடல் மீன் இல்லை, வாழையிலையில் சுட்டுத் தருவார்கள். தேங்காயெண்ணெய் வாசம் அம்மாவுக்குப் பிடிக்காவிட்டால் புட்டும் பயறும், இல்லை கஞ்சியும் பயறும் எங்கேயும் கிடைக்கும். இட்லியை மட்டும் கேரளத்தில் எதிர்பார்த்து மனம் நோகாதீர்கள்.

இன்னும் இரண்டு நாள் இருந்தால் வடக்கே கண்ணூர் பக்கம் முழப்பிலங்காடு வரை போகச் சொல்வேன், அது ரயிலில் போகிற தூரம். அங்கே ஏறக்குறைய 4 கி.மீ. கடற்கரையில் கார் ஓட்டலாம். கடலுக்குள் கிடக்கும் கரும்பாறைகள் அலையின் முரட்டுத்தனத்தை வாங்கிக்கொள்வதால் மணல் களத்துமேடு மாதிரி இறுகிக் கிடக்கும். ஓட்ட அனுமதி உண்டா, ஏற்றம் எப்போது என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். நான் கேட்காமல் இறங்கி, வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய், திரும்பி வந்தபோது பின் சக்கரம் பாதி மணலில். தென்னை மட்டையைச் சக்கரத்துக்கு அடியில் திணித்து ஊரே கூடித் தள்ளியது. ஏற்றநீர் யாருக்கும் காத்திருக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைக் கால் செருப்பு மிதந்துபோகும்போது நினைத்துக்கொண்டேன்.

சாவக்காட்டிலிருந்து மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் திருச்சூர், குதிரான் சுரங்கப்பாதை, பாலக்காடு வழியாக இருட்டும் முன் வாளையாறு வந்துவிடலாம். கேரளத்தில் கேமரா எங்கே பார்க்கும் என்று சொல்ல முடியாது, எல்லாரும் பெல்ட் போடுங்கள். பாலக்காட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் ஆனைமலைத் தொடர் தெரியும், முந்தாநாள் நீங்கள் ஏறி இறங்கிய மலை அதுதான் என்று பெண்ணுக்குக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் மறுநாளே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவிவிடுங்கள், உப்புக்காற்று தகட்டைத் தின்னும். மிதியடிக்கு அடியில் இருக்கிற மணல் எத்தனை கழுவினாலும் போகாது, சித்திரை வரைக்கும் வந்துகொண்டேதான் இருக்கும்.